மரேஸ்யெவ் தனியாக எழுந்து நிற்கவில்லை

சோவியத் யுத்த விமானி அலெக்ஸேய் மரேஸ்யெவின் கதை நம் தோழர்களில் பலருக்குத் தெரியும். எழுத்தாளர் பொலிவோய் 1946-ல் வெளியிட்ட நாவல், 'உண்மை மனிதனின் கதை' என்ற பெயரில் தமிழிலும் வந்தது. பெயரில் ஓர் எழுத்தை மாற்றி 'மெரேஸ்யெவ்' என்று ஆக்கியிருந்தார் ஆசிரியர். ஆனால் அந்த விமானி கால்களை இழந்ததும், மறுபடி பறந்ததும் கற்பனை அல்ல.

இந்தக் கதையைச் சிலர் சொல்லும் விதம்தான் நமக்கு ஒப்பவில்லை. "பார்த்தாயா, மனவுறுதி இருந்தால் போதும், கால் எதற்கு?" என்று முடித்துவிடுகிறார்கள். இது பாதிக் கதை. மீதிப் பாதியை நாம்தான் சொல்ல வேண்டும்.

மரேஸ்யெவ் பெரிய இடத்துப் பிள்ளையா? இல்லை. வோல்கா நதிக்கரையில் உள்ள கமிஷின் ஊரில் 1916-ல் பிறந்தவர். மூன்று வயதிலேயே தகப்பனாரை இழந்தார். தாயார் மரத் தொழிற்சாலையில் துப்புரவு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். மகன் மர ஆலையில் கடைசல் தொழிலாளியானார். 1934-ல் வாலிபர் சங்கம் அவரை ஆமூர் நதிக்கரையில் புது நகரம் கட்ட அனுப்பியது. அங்கே விமானம் ஓட்டப் பழகினார். கடைசல் பிடித்த கைக்கு விமானத்தின் விசையும் எட்டியது!

1941-ல் ஹிட்லரின் படை உள்ளே புகுந்தது. 1942 ஏப்ரல் தொடக்கத்தில், தெம்யான்ஸ்க் போர்முனையில் மரேஸ்யெவின் விமானம் வீழ்த்தப்பட்டது. கால்கள் நொறுங்கின. உறைபனிக் காட்டில் 18 நாட்கள் தம் படைகள் இருந்த திசை நோக்கி நகர்ந்தார். நடக்க முடியாதபோது ஊர்ந்தார். இந்த உறுதிக்கு நாம் தலை வணங்குகிறோம். இதைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் காட்டிலே அவரைக் கண்டெடுத்தது யார்? பிளாவ் என்ற சிறு கிராமத்துச் சிறுவர்கள். சொந்தப் பிள்ளையைப் போல் வைத்துக் காப்பாற்றியது யார்? அந்த ஊர்க் கூட்டுப்பண்ணை விவசாயிகள். அவரைக் கொண்டுசெல்ல அங்கே விமானத்தை இறக்கியது யார்? அவருடைய படைத் தோழர். மாஸ்கோவில், அழுகிப்போன இரு கால்களையும் முழங்காலுக்குக் கீழே அறுத்து எடுத்து, உயிரை மீட்டார் பேராசிரியர் தெரெபின்ஸ்கி. பொய்க்கால் கட்டினார்கள். ஓய்வு இல்லத்தில் வைத்துத் தேற்றினார்கள். அங்கே அவர் நடக்கப் பழகினார், நடனமாடவும் பழகினார். 1943 தொடக்கத்தில் விமானப் பள்ளி மறுபடியும் அவரைச் சேர்த்துக்கொண்டது.

போர்முனையில் நம்பத் தயங்கியவர்களும் இருந்தார்கள். அப்போது, "என்னோடு வரட்டும்" என்று தம் துணை விமானியாகச் சேர்த்துக்கொண்டவர் அணித் தலைவர் சிஸ்லோவ். 1943 ஜூலை 20-ல், கூர்ஸ்க் சமரில், மரேஸ்யெவ் இரண்டு பாசிஸ்ட் விமானங்களைச் சுட்டு வீழ்த்தி, தோழர்கள் இருவரின் உயிரைக் காத்தார். ஆகஸ்டில் சோவியத் யூனியனின் வீரர் என்ற பட்டம் கிடைத்தது. யுத்தம் முழுவதிலும் அவர் வீழ்த்திய விமானங்கள் 11. அவற்றில் 7, கால்களை இழந்த பிறகு வீழ்த்தியவை!

"யுத்த காலம், விமானி தேவைப்பட்டான், அதனால் சேர்த்துக்கொண்டார்கள்" என்று சிலர் சொல்லக்கூடும். இருக்கட்டும். ஆலைக்கும் தொழிலாளி தேவைதானே? அறுவடைக்கும் கூலியாள் தேவைதானே? கார்டிங் மெஷினில் விரல் போனவனை, கதிரடிக்கும் இயந்திரத்தில் கை போனவளை, ஏன் வாசலுக்கு வெளியே தள்ளுகிறார்கள்? "உனக்குக் கவனம் போதாது" என்பார் மேஸ்திரி. "அவன் காண்ட்ராக்ட் ஆள், எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்பார் முதலாளி. நஷ்டஈடு கேட்டு நடந்தே செருப்புத் தேயும். இப்படிப்பட்டவர்கள் நமக்கு மனவுறுதியைப் போதிக்க வந்தால், சிரிப்பதா, சினப்பதா?

உறுதி நம்மிடம் பஞ்சமில்லை, தோழர்களே! ஒற்றைக் கையால் களை பறிக்கும் பெண்ணை நாம் பார்த்திருக்கிறோம். அவளிடம் இல்லாதது உறுதி அல்ல. பிளாவ் கிராமம் செய்ததை, அந்த மருத்துவர்கள் செய்ததை, சிஸ்லோவ் செய்ததை அவளுக்குச் செய்ய ஆளில்லை.

சோவியத் யூனியன் 1991-ல் கலைந்தது. மரேஸ்யெவ் 2001-ல் மறைந்தார். ஆனால் அவர் வாழ்க்கை எழுப்பும் கேள்வி மறையவில்லை. உழைப்பிலே உடல் ஊனமானவனைத் தூக்கி நிறுத்துவது யார் பொறுப்பு?

இயந்திரத்துக்குப் பாதுகாப்பு மூடி, முழுச் சிகிச்சை, தாமதமில்லாத நஷ்டஈடு, பொய்க்கால், அதே ஆலையில் ஏற்ற வேலை. இவை தர்மம் அல்ல, உரிமை. விழுந்தவனுக்கு முதலில் நீள வேண்டிய கை சங்கத்தின் கை. அதற்கப்புறம், கொடுக்க வேண்டியவர்களைக் கொடுக்க வைக்கவும் அதே கை உயரட்டும்!