ஆர்கன் யாருக்காக?

இலங்கை மலையகத்தில் பண்டாரவளைப் பக்கத்து ஆலயங்களுக்குக் குழாய் ஆர்கன் வீண்செலவு, மின்னணு ஆர்கனே சிக்கனம் என்கிறார் நண்பர். முதல் பாதி சரி. இரண்டாவதை ஏற்க முடியாது. குழாய் ஆர்கனின் தோலையும் மரத்தையும் பழுதுபார்த்து நூறாண்டு வாசிக்கலாம். மின்னணுப் பலகை கெட்டால், சில ஆண்டுகளில் உதிரிப்பாகமே கிடைக்காது. இதுவா சிக்கனம்? (இருக்கும் பழைய ஆர்கன்களைக் காப்பது வேறு விஷயம். அதைச் செய்யத்தான் வேண்டும்.)

பெரிய கேள்வியை அவர் தொடவேயில்லை. அந்த ஆர்கனில் யாருடைய பாட்டு ஒலிக்கும்? 1854இல் தோட்டத் தொழிலாளருக்கான தமிழ்க் கூலி மிஷன் தொடங்கிய காலந்தொட்டு வளர்ந்த தோட்டச் சபைகளில் பாடப்படுபவை தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் மரபுக் கீர்த்தனைகள். சுரங்களை அசைத்து இழைக்கும் கமகமின்றி அவற்றுக்கு உயிரில்லை. ஆர்கன் எந்த வகையானாலும், கட்டையை அழுத்தினால் ஒரே சுரம் அசையாமல் நிற்கும். வயலினோ ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு இழைந்து போகும்.

ஆர்கன் வாங்கும் பணம் யாருடைய காணிக்கை என்பதையும் யோசியுங்கள். தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயானது 2024இல்தான், அதுவும் நெடிய போராட்டத்துக்குப் பின். அந்தக் காணிக்கைப் பணத்தில் வயலினும் மிருதங்கமும் வாங்குங்கள். தோட்ட லயத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க ஓர் ஆசிரியரை வையுங்கள், அவருக்கு மாதம் தவறாமல் சம்பளம் கொடுங்கள்.