'புட் அப் பண்ணியாச்சு' என்றால் என்ன அர்த்தம்?

ஆங்கிலத்தில் 'புட்' என்பது ஒரு சின்ன வினைச்சொல். வை, போடு என்று பொருள். அதன் பின்னால் 'அப்' என்ற வாலை ஒட்டிவிட்டால் பொருள் எங்கெங்கோ போய்விடும். பந்தல் போட்டாலும் புட் அப், சுவரில் நோட்டீஸ் ஒட்டினாலும் புட் அப், விலையை ஏற்றினாலும் புட் அப். கல்யாணத்துக்கு வந்த வெளியூர்க்காரரிடம் "எங்கே சார் புட் அப் பண்ணியிருக்கீங்க?" என்று கேட்டால், எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். 'வித்' என்று இரண்டாவது வாலும் சேர்ந்தால் பொறுத்துக்கொள்வது என்றாகிவிடும்.

இதில் நாம் மிரளுவதற்கு ஒன்றுமில்லை. ஆங்கிலேயர் வாலை ஒட்டிச் செய்கிற வேலையை நாம் துணைவினையை ஒட்டிச் செய்கிறோம். எடுத்துவை, எடுத்துக்கொள், எடுத்துவிடு மூன்றும் ஒன்றா? தள்ளுவது வேறு, தள்ளிப்போடுவது வேறு. இதையெல்லாம் நமக்கு யாரும் இலக்கணமாகச் சொல்லித் தரவில்லை. பேசிப் பேசியே வந்தது.

நான் சொல்ல வந்தது புட் அப்புக்கு நம் அரசு அலுவலகங்களில் உள்ள பொருளைப் பற்றி. முப்பது வருஷத்துக்கு மேல் கோப்போடு வாழ்ந்தவன் என்பதால் இதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு. தபாலைப் பார்த்த அதிகாரி ஓரத்தில் 'புட் அப்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். பழைய தாள்களைச் சேர்த்து, குறிப்பு எழுதி, கோப்பாக என் பார்வைக்கு வை என்பது அதன் பொருள். எழுத்தர் அப்படி மேலே அனுப்பிவிட்டால் "புட் அப் பண்ணியாச்சு" என்பார். கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். வேலை முடிந்தது என்று அதற்கு அர்த்தமே கிடையாது.

ஆனால் மனு கொடுத்தவருக்கு இது எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, கணவர் இறந்தபின் வாரிசுச் சான்றெல்லாம் வைத்துப் பட்டா மாறுதலுக்கு மனு கொடுத்திருந்தார். ஒன்றரை ஏக்கர் நஞ்சை. இரண்டு மாதம் கழித்துப் போய்க் கேட்டபோது, "புட் அப் பண்ணியாச்சும்மா, போங்க" என்று பதில் வந்திருக்கிறது. 'ஆச்சு' என்ற சொல் மட்டும்தான் அவர் காதில் விழுந்தது. காரியம் முடிந்தது என்று நம்பி ஊர் திரும்பிவிட்டார். சம்பா பயிர்க் காப்பீட்டுக்குத் தாள் சேர்க்கும்போதுதான் சிட்டாவில் இன்னும் கணவர் பெயரே இருப்பது தெரிந்தது. "அண்ணா, புட்டப்புன்னா முடிஞ்சிடுச்சுன்னு அர்த்தம் இல்லையா?" என்று என்னிடம் வந்து கேட்டார். அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் அலைந்து முடிப்பதற்குள் காப்பீட்டின் கடைசித் தேதி போய்விட்டது.

பதில் சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது அலுவலக வாசலுக்கு உள்ளே மட்டும் செல்லுபடியாகும் மொழி.

இந்தக் கவலை நம் ஊருக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் இதே மாயவரத்தில் முன்சீப்பாக இருந்தவர் வேதநாயகம் பிள்ளை. வழக்கு நடத்துகிறவனுக்குத் தன் வழக்கு புரிய வேண்டும் என்று நினைத்தவர். நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் 'சித்தாந்த சங்கிரகம்' என்று நூலாக வெளியிட்டார். 1879இல் வந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்திலும், தமிழ்நாட்டுக் கோர்ட்டில் இங்கிலீஷில் வாதாடுவதைக் கண்டித்திருக்கிறார். அதன்பின் 1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டமும் வந்தது. புட் அப் போய், 'சமர்ப்பிக்கப்பட்டுள்ளது', 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதத் தொடங்கினோம்.

எழுத்து தமிழாயிற்று, விஷயம் தெளிந்ததா? தமிழ் வினைச்சொல்லில் ஒரு அருமையான ஏற்பாடு இருக்கிறது. வைத்தேன், வைத்தாய், வைத்தார் என்று செய்தது யார் என்பதை வினையின் விகுதியே காட்டிவிடும். 'வைக்கப்பட்டுள்ளது' என்று எழுதியவுடன் அந்த ஆள் மறைந்துவிடுகிறார். யார் வைத்தார், யாரிடம் வைத்தார், என்றைக்கு வைத்தார் எதுவும் தெரியாது. ஆளை மறைக்கிற வாக்கியம் ஆங்கிலத்தில் இருந்தால் என்ன, தமிழில் இருந்தால் என்ன? ஆகவே ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல் தேடுவதோடு நம் கடமை முடிந்துவிடாது என்பது என் கருத்து. "உங்கள் கோப்பை இந்தத் தேதியில் தாசில்தாரிடம் அனுப்பினேன், இன்னும் உத்தரவு ஆகவில்லை" என்று ஒரு வரி சொன்னால் போதும். அதற்கு அகராதி வேண்டாம், மனசு வேண்டும்.

அந்த மனசு வருகிறவரை நாமும் சும்மா இருக்கக் கூடாது. அடுத்த முறை யாராவது "புட் அப் பண்ணியாச்சு" என்றால் மூன்று கேள்வி கேளுங்கள்: ந.க. எண் என்ன? இப்போது யார் மேசையில் இருக்கிறது? என்றைக்குப் போனது? தன்பதிவேட்டைப் புரட்டினால் பதில் கிடைத்துவிடும். சொல்ல மறுத்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும்.

ஒரு காலத்தில் கலெக்டரைப் பார்க்கத் தஞ்சாவூர் போனோம். 1991க்குப் பிறகு காரைக்கால் தாண்டி நாகப்பட்டினம் போனோம். 2020 டிசம்பர் 28 முதல் மயிலாடுதுறையே மாவட்டத் தலைநகர். அலுவலகம் பக்கத்தில் வந்துவிட்டது. அது பேசுகிற பேச்சும் நமக்குப் பக்கத்தில் வர வேண்டும். படித்து ஓய்வு பெற்ற நம் போன்றவர்கள், மனுவோடு நிற்கிற ஒருவருக்கு இந்த மூன்று கேள்விகளைச் சொல்லிக் கொடுத்தாலே போதும்.