யானைத்தடத்தில் இரவுச் சவாரி

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் கோடைச் சிறப்பிதழில் மசினகுடியைப் பற்றி வெளிவந்த கட்டுரையை, இவ்வூரிலேயே பிறந்து, இங்குள்ள பிள்ளைகளுக்கே தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையோடு இரண்டு முறை வாசித்தேன். மலையின் அழகைக் கட்டுரையாளர் ரசித்து எழுதியிருப்பதில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் இரவு எட்டு மணிக்குமேல் ஜீப்பில் ஏறிக் காட்டோரத்தில் யானை பார்க்கப் போவதை 'இயற்கையோடு இணைந்த சூழல் சுற்றுலா' என்று வர்ணித்து, வாசகர்கள் தவறவிடக் கூடாத அனுபவம் என்று சிபாரிசும் செய்திருப்பதைக் கண்டு நான் பட்ட வேதனையே இக்கடிதத்துக்குக் காரணம்.

நீலகிரியின் வடக்குச் சரிவு செங்குத்தாக இறங்கி முடியும் இடத்துக்கும், மோயாறு அறுத்துக்கொண்டு போகும் ஆழ்ந்த பள்ளத்துக்கும் நடுவே, மழைநிழலில் கிடக்கும் முட்காட்டு மேட்டுநிலமே சீகூர்; எங்கள் மசினகுடி இருப்பதும் அதில்தான். மேற்கே முதுமலையும் பந்திப்பூரும் வயநாடும், கிழக்கே சத்தியமங்கலமும் ஆகப் பரந்து கிடக்கும் காடுகளில் புல்லும் நீரும் தேடி, பருவத்துக்கொரு திசையாக நடக்கும் யானைக் கூட்டங்களுக்கு, ஒரு பக்கம் மலைச்சுவரும் மறுபக்கம் பள்ளமும் நெருக்குகின்ற இந்த ஒடுங்கிய நிலத்தை விட்டால் வேறு சுலபமான பாதை கிடையாது. அந்தப் பாதையின்மேல்தான் விடுதிகள் எழுந்தன. அவற்றைச் சுற்றி மின்வேலிகள் எழுந்தன. பாதை இருந்த இடத்தில் வேலியைக் கண்ட யானை, திரும்பிப் போய் எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது, அதற்கு 'ஊருக்குள் புகுந்த காட்டு யானை' என்று பெயர் கிடைத்தது.

இது சட்டத்துக்குத் தெரியாத விஷயமும் அல்ல. 2010-ஆம் ஆண்டு அரசாங்கம் சீகூரை யானை வழித்தடமாக அறிவித்தது; மறு ஆண்டே சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது; 2018-இல் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவின்படி பல விடுதிகளுக்குச் சீல் வைக்கப்பட்டது; 2020 அக்டோபர் 14-ஆம் தேதி அதே நீதிமன்றம் வழித்தட அறிவிப்பு செல்லும் என்று தீர்ப்பளித்து, நில உடைமையாளர்களின் ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் குழுவும் அமைத்தது. தீர்ப்பு வந்து ஏறக்குறைய மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. 2021 ஜனவரியில், இங்கே தங்கும் இடம் ஒன்றின் அருகே வந்து நின்ற ஆண் யானையை விரட்டுவதாக நினைத்துச் சிலர் எரிகின்ற பொருளை எறிய, அது யானையின் காதில் ஒட்டிக்கொண்டு எரிய, அந்தப் பிராணி நெருப்போடு பிளிறிக்கொண்டு இருட்டில் ஓடிய காட்சியை நாடே கைபேசியில் பார்த்தது. தெப்பக்காட்டு யானை முகாமுக்குக் கொண்டுபோகும் வழியில் அது உயிர்விட்டது. அதன் துதிக்கையைத் தடவிக்கொண்டே ஒரு வனக் காவலர் விம்மி அழுததை நான் இன்றுவரை மறக்கவில்லை.

இரவுச் சவாரியை வனத்துறை அனுமதிப்பதில்லை. ஆயினும் காட்டை ஒட்டிய ஊர்ப் பாதைகளிலும் தனியார் நிலங்களிலும் அது நடக்கிறது. சென்ற பங்குனி மாதத்தில், உண்ணிச்செடிகூடக் கருகிப் போயிருந்த ஒரு நாள் இரவு, பொக்காபுரம் பக்கத்திலுள்ள உறவினர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு குட்டை. கணுக்காலளவு கலங்கல் நீர்தான் மிச்சம். தாய் யானை ஒன்று, வயிற்றுக்கடியில் குட்டியை ஒட்டவைத்துக்கொண்டு, ஓரோர் அடிக்கும் நின்று காற்றை முகர்ந்து, மிகுந்த பொறுமையோடு கரைக்கு வந்து துதிக்கையை நீட்டிய அதே க்ஷணத்தில், மூன்று ஜீப்புகளின் விளக்குகள் ஒருசேர அதன் கண்ணில் அடித்தன. யாரோ விசில் அடித்தார்கள். தாய் துதிக்கையைச் சுருட்டிக்கொண்டு, குட்டியை முன்னே தள்ளி, வந்த வழியே திரும்பிவிட்டது. அதன் வாய்க்குள் ஒரு சொட்டு நீரும் போகவில்லை. நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கு மேல் நீர் வேண்டிய ஜீவன், அதிலும் பால் கொடுக்கிற ஜீவன், அந்த இரவில் அடுத்த குட்டையைத் தேடி எத்தனை மைல் நடந்ததோ! ஜீப்பில் இருந்தவர்களுக்கு அது ஒரு நிமிஷத்துப் படம். காலையில் குட்டைக்கரையில் போய்ப் பார்த்தேன்: சிப்ஸ் பொட்டலங்கள் கிடந்தன. உப்புச் சுவைக்காக மான்களும் யானைகளும் அவற்றையும் தின்றுவிடுகின்றன. யானை லத்தியில் பிளாஸ்டிக் காகிதத்தை நானே குச்சியால் கிளறி எடுத்திருக்கிறேன்.

ஜீப் ஓட்டுகிற பிள்ளைகளை நிந்திப்பது என் நோக்கமன்று. அவர்களில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள். எங்கள் தந்தையர் மின்நிலைய வேலைக்கு வந்து குடியேறியவர்கள். வேலை ஓய்ந்தபின் மாடு வளர்த்தோம், சாணத்தைக் கேரளத்துத் தோட்டங்களுக்கு லாரியில் அனுப்பிக் காலம் தள்ளினோம். அதுவும் குறைந்தபோது பயணிகளே கதி என்றானது. இந்தக் காட்டை எங்களுக்கு முன்பே அறிந்த இருளரும் குறும்பரும் விடுதிகளில் பாத்திரம் துலக்குகிறார்கள். விடுதியின் லாபமோ வெளியூருக்குப் போகிறது. காட்டையும் காட்டை நம்பியவர்களையும் வாழவைப்பதுதான் சூழல் சுற்றுலாவின் லட்சணம் என்றால், இங்கே நடப்பதை அப்பெயரிட்டு அழைக்க என்ன நியாயம் இருக்கிறது? பகலில், வனத்துறையின் வாகனத்தில், குறும்ப இளைஞர் ஒருவர் தடம் காட்டி விளக்க, மோயாற்றோரத்து நீர்மருது மரத்தில் பாறுக் கழுகு கூடு கட்டியிருப்பதைத் தூரத்திலிருந்தே பார்த்துத் திரும்பும் பயணியை நாங்கள் மனமார வரவேற்கிறோம். அவருக்குக் காபி கொடுத்து அனுப்புவதற்கும் எங்களில் ஆள் உண்டு.

2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி, நீலகிரிக்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாகியிருக்கிறது. நல்ல காரியம். ஆனால் மலைக்குள் நுழையும் வண்டியை எண்ணுகிற அந்த ஏற்பாடு, இருட்டியபின் சீகூரில் எந்த ஜீப் எந்தக் குட்டைக்குப் போகிறது என்பதைப் பார்ப்பதில்லை. அதைப் பார்க்க வேண்டிய அதிகாரிகள், கோடை மாதங்களிலாவது இரவில் இந்தக் கிளைப் பாதைகளில் காவல் வைக்க வேண்டும்; வழித்தடத்தின் குறுக்கே நிற்கும் மின்வேலிகளை அகற்ற வேண்டும்; நீர்நிலைகளைச் சுற்றி வண்டி நிறுத்துவதைத் தடுக்க வேண்டும்.

தங்களிடம் நான் வேண்டுவது இன்னும் சிறியது. தங்கள் கட்டுரையை நம்பி அடுத்த வாரமே புறப்படுகிற குடும்பங்கள் இருக்கும். ஆகையால் அடுத்த இதழில், கட்டுரை வெளிவந்த அதே பக்கத்தில், இரவுச் சவாரி அனுமதியற்றது, மசினகுடிக்கு வருகிறவர்கள் அதற்கு இசைய வேண்டாம் என்று இரண்டு வரி அச்சிட வேண்டுகிறேன். எங்கள் பக்கத்துக் குட்டைகளில் மழை வரும்வரை இன்னும் கொஞ்ச நாள்தான் தண்ணீர் நிற்கும்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர்,
மசினகுடி, நீலகிரி மாவட்டம்.