தேய்மானத்தையும் எழுதுவோம்

அறிவியலைத் தமிழில் எழுதப் புகும்போது நம்மிடம் ஒரு பழக்கம் தொற்றிக்கொள்கிறது. எந்தத் தொழில்நுட்பமானாலும் அதை ஒரு வெற்றிப் பரணியாக்கிவிடுகிறோம். இன்கோனெல், டைட்டானியக் கலவைகள் போன்ற, வெட்டுளிக்கு எளிதில் இணங்காத உலோகங்களில் தலைமுடியினும் மெல்லிய துளையிடும் நுண்மின்பொறி அரிப்பு முறையை 'கடினத்தை வென்ற மின்னல்' என்று எழுதிவிடுவது சுலபம். அப்படி எழுதுவது பாதி உண்மை என்பதே நம் கருத்து.

இம்முறை ஒரு தோல்வியிலிருந்து பிறந்தது. இரண்டாம் உலகப்போரின்போது சோவியத் ஒன்றியத்தில் லசரென்கோ தம்பதியருக்குத் தரப்பட்ட வேலை, டங்ஸ்டன் தொடுமுனைகளை மின்பொறி தின்றுவிடாமல் தடுப்பது. முனைகளை எண்ணெயில் அமிழ்த்திப் பார்த்தார்கள். அரிப்பு நிற்கவில்லை, ஆனால் பொறிகள் ஒழுங்குக்கு வந்தன. தடுக்க முடியாததை 1943-இல் கருவியாக்கினார்கள். கருவிக்கும் உலோகத்துக்கும் இடையே சில மைக்ரான் இடைவெளி, அதில் மின்கடத்தாத் திரவம், நொடிக்குப் பல்லாயிரம் பொறிகள். ஒவ்வொன்றும் துளியளவு உலோகத்தை உருக்கி ஆவியாக்குகிறது. கருவி உலோகத்தைத் தொடுவதே இல்லை. ஆதலால் கடினம் இங்கே கணக்கில் வராது. உருகுநிலையும் வெப்பங்கடத்தும் திறனுமே கணக்கு. மென்மையான செம்பு, கடினமாக்கிய எஃகைக் குடைந்துவிடும்.

ஆனால் பொறிக்குப் பட்சபாதம் கிடையாது. அது கருவியையும் தின்கிறது. பெரிய வேலைகளில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். கருவியே சில பத்து மைக்ரான் பருமன் என்னும்போது, முனை தேய்ந்து உருண்டு, துளையின் ஆழமே பொய்யாகிவிடும். லசரென்கோ தம்பதியரிடம் ஒப்படைக்கப்பட்ட சிக்கல் இன்றும் தீர்ந்தபாடில்லை!

டோக்கியோவில் மசுசாவா குழுவினர் 1985-இல் செய்தது நம்மை மிகவும் கவர்கிறது. மெல்லிய கருவித் தண்டுகளைச் செதுக்க, ஓடிக்கொண்டே இருக்கும் கம்பியைப் பயன்படுத்தினார்கள். கம்பி தேயத்தான் செய்கிறது. தேய்ந்த பகுதி நகர்ந்துபோக, புதிய பகுதி அவ்விடத்துக்கு வந்துவிடுகிறது. பின்னர் 1998-இல், கருவியின் அடிப்பக்கம் சீராகத் தேயுமாறு அதன் பாதையை வகுத்து, குறைந்த நீளத்தைக் கீழிறக்கி ஈடுகட்டும் முறையும் வந்தது. இரண்டிலும் தேய்மானம் ஒழிக்கப்படவில்லை. அதற்கு இடம் ஒதுக்கப்பட்டது. இதை வெற்றி என்ற சொல்லால் எப்படிக் குறிப்பது?

துளைக்கப்பட்ட உலோகமும் தப்புவதில்லை. உருகி, வெளியேறாமல் தங்கிய பகுதி, சுவரிலேயே மீண்டும் உறைந்து மெல்லிய படலமாகிறது. அதில் நுண்விரிசல்கள் உண்டு. ஹைட்ரோகார்பன் எண்ணெயில் டைட்டானியத்தை அரித்தால் கார்பைடும் சேர்ந்துகொள்ளும். (வியப்புக் கட்டுரைகளில் இப்படலத்துக்கு ஏனோ இடம் கிடைப்பதில்லை.) விமான எஞ்சினின் டர்பைன் அலகில் குளிர்காற்றுக்காக இடும் துளையில் அத்தகைய விரிசல் ஒன்று, சுழற்சியின் அழுத்தத்தில் நீண்டு வளரக்கூடும். எனவே துளையிட்டு முடித்தபின் உராய்வுத் துகள் கலந்த பசையைத் துளைவழியே அழுத்திச் செலுத்தியோ, வேதிக்கரைசலால் கரைத்தோ, அச்சுவரை இன்னொரு முறை தேய்க்கவேண்டியிருக்கிறது.