ஓடுற பிள்ளையைக் கலங்காம படமெடுக்க 80,000 ரூபாய் கேமரா வேணுமா?

மதுரையிலிருந்து வாசகி ஒருவர் தன் மகளின் ஸ்கேட்டிங் போட்டோக்கள் பதினொன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். பதினொன்றிலும் ஹெல்மெட் தெரிகிறது, முழங்கால் கவசம் தெரிகிறது. முகம் மட்டும் மழையில் நனைந்த கோலம் மாதிரி கலைந்து கிடக்கிறது. "தம்பி, மூணு வருஷமா கத்துக்கிறா. இந்தத் தடவைதான் ரெண்டாவதா வந்தா. ஃப்ரேம் போட்டு மாட்ட ஒரு படம்கூட தேறல. இ.எம்.ஐ-ல 80,000 ரூபாய்க்குக் கேமரா எடுத்துடலாம்னு அவங்க அப்பா சொல்றார். எடுக்கலாமா?" என்று கேட்டிருந்தார்.

சிலம்பம், கபடி, ஷட்டில், ஸ்போர்ட்ஸ் டே ஓட்டப்பந்தயம் என்று இதே கேள்வி பல ஊர்களிலிருந்தும் வருகிறது. அதனால் இந்த வாரம் முழுக்க இதுதான்.

சின்ன பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம் அக்கா. பெரிய பதில், கொஞ்சம் கணக்கோடு, கீழே.

அந்தப் படங்களில் ஒன்றை மட்டும் டாகுமென்ட்டாக அனுப்பச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் சாதாரண போட்டோவாக அனுப்பினால், எந்த செட்டிங்கில் எடுத்தது என்ற விவரம் அழிந்துபோய்விடும். டாகுமென்ட்டாக அனுப்பினால் இருக்கும். உங்கள் போன் கேலரியிலும் ஒரு போட்டோவைத் திறந்து மேல்நோக்கித் தள்ளிப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் இந்த விவரம் வரும். அதில் 1/50, 1/500 என்று ஓர் எண் இருக்கும். அதுதான் ஷட்டர் ஸ்பீடு. ஒரு விநாடியில் எத்தனை பங்கு நேரம் கேமரா 'கண் திறந்து' வெளிச்சத்தை வாங்கியது என்பதன் கணக்கு.

அந்தப் படத்தில் இருந்தது 1/50.

ஸ்கேட்டிங்கில் அந்தக் குழந்தை மணிக்கு 20 கி.மீ வேகத்தில் போனதாக வைத்துக்கொள்வோம். விநாடிக்கு சுமார் ஐந்தரை மீட்டர். 1/50 விநாடிக்குள் அவள் 11 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறாள். குழந்தையின் முகமே கிட்டத்தட்ட அவ்வளவு அகலம்தான். அப்புறம் படத்தில் முகம் எப்படி இருக்கும்? அதையே 1/1000 விநாடியில் எடுத்திருந்தால் அவள் நகர்ந்திருப்பது அரை சென்டிமீட்டர் சொச்சம், ஓர் அரிசி மணி நீளம். கண் கண்ணாகத் தெரியும், வியர்வைகூடத் தெரியும்.

போன் ஏன் 1/50-ஐத் தேர்ந்தெடுத்தது? ஹாலில் வெளிச்சம் குறைவு. வெளிச்சம் குறைந்தால் ஆட்டோ மோடு அதிக நேரம் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளும். கல்யாண வீட்டில் வரிசையாக நின்று போஸ் கொடுப்பவர்களுக்கு அது சரி. ஓடுகிறவர்களுக்குச் சரிப்படாது. நைட் மோடு இன்னும் மோசம். அடுத்தடுத்து பல படங்களை எடுத்து ஒன்றாக்கும் வேலை அது. விளையாட்டு என்றால் முதலில் அதை அணைத்துவிடுங்கள்.

எந்த விளையாட்டுக்கு எவ்வளவு?

ஓட்டப்பந்தயத்துக்கு 1/500-லிருந்து ஆரம்பிக்கலாம். ஸ்கேட்டிங், சைக்கிள், கபடிக்கு 1/1000. ஷட்டில் ஸ்மாஷ், சிலம்பக் கம்பின் சுழற்சி, கடலில் சர்ஃபிங் என்றால் 1/2000. இவை ஆரம்பப் புள்ளிகள்தான். ஒரு படம் எடுத்து, பெரிதாக்கி முகத்தைப் பார்த்து, கலங்கியிருந்தால் இன்னும் ஏற்றுங்கள்.

இதில் ஒரு சலுகை உண்டு. மேலே குதிக்கும் எதுவும் உச்சியில் ஒரு கணம் நின்றுதான் கீழே வரும். ஸ்கேட்போர்டில் எம்பும் பையனை அந்த உச்சிப் புள்ளியில் பிடித்தால் 1/250 கூடப் போதும்.

ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் 'ப்ரோ' மோடு இருக்கிறது. அதில் 'எஸ்' என்ற எழுத்தைத் தொட்டால் ஷட்டர் ஸ்பீடை மாற்றலாம். ஐபோனின் சொந்த கேமராவில் அந்த வசதி இல்லை. தனியாக ஆப் போட வேண்டும். ஆப் எல்லாம் வேண்டாம் என்றால், ஷட்டர் பட்டனை இடதுபக்கம் இழுத்துப் பிடியுங்கள், தொடர்ச்சியாகப் படங்கள் விழும். பல ஆண்ட்ராய்டுகளில் பட்டனை அழுத்திப் பிடித்தாலோ, கீழ்ப்பக்கம் இழுத்துப் பிடித்தாலோ இதே வேலை நடக்கும். ஆனால், தொடர்ச்சியாக எடுப்பதால் மட்டும் கலங்கல் போகாது. 1/50-ல் இருபது படம் எடுத்தால் இருபதும் கலங்கியதாகத்தான் வரும்.

ஷட்டரை வேகமாக்கினால் படம் இருட்டும். அதை ஈடுகட்ட ஐ.எஸ்.ஓ-வை ஏற்ற வேண்டும். ஏற்றினால் படத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் வரும். பலர் அதற்குப் பயந்து ஐ.எஸ்.ஓ-வைக் குறைத்தே வைக்கிறார்கள். என் கட்சி வேறு. புள்ளி விழுந்த படத்தை எடிட்டிங்கில் ஓரளவு சரிசெய்யலாம். ஃப்ரேம் போட்டு மாட்டினால் ஐந்தடி தூரத்திலிருந்து புள்ளி தெரியவும் தெரியாது. கலங்கிய முகத்தை யாராலும் முழுசாக மீட்க முடியாது.

உள்ளரங்கில் இன்னொரு தொல்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பழைய டியூப்லைட்டும் மலிவான எல்.இ.டி-யும் விநாடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, 1/1000-ல் எடுக்கும் கேமராவுக்குத் தெரியும். ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது மங்கலாகவும் வரும், சிலவற்றில் குறுக்கே பட்டை விழும். போன் கெட்டுவிட்டது என்று சர்வீஸ் சென்டருக்கு ஓடாதீர்கள். நிறைய படங்கள் எடுத்து, பளிச்சென்று விழுந்தவற்றை வைத்துக்கொள்வதுதான் வழி. கேமராவாக இருந்தால் 'ஆன்டி ஃப்ளிக்கர்' வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபிளாஷ்? வேண்டவே வேண்டாம். போன் ஃபிளாஷ் சில மீட்டருக்கு மேல் எட்டாது. ஆனால், ஆடும் பிள்ளையின் கண்ணில் மட்டும் சரியாக அடிக்கும்.

கடைகளில் அடிக்கடி சொல்லப்படும் ஒன்றையும் பேசிவிடுவோம். "இதுல ஓ.ஐ.எஸ் இருக்கு சார், ஆடவே ஆடாது." அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. ஸ்டெபிலைசேஷன் என்பது *உங்கள் கை* ஆடுவதைத்தான் சரிசெய்யும். எதிரே ஓடுகிற பிள்ளையை அதனால் நிறுத்திவைக்க முடியாது. விளையாட்டுப் படத்துக்காக மட்டும் இந்த வசதிக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். வீடியோவுக்கு என்றால் கதை வேறு.

எங்கே நிற்பது என்பதும் செட்டிங்தான்

2024 ஜூலை 29. பாரிஸ் ஒலிம்பிக்கின் சர்ஃபிங் போட்டி பாரிஸிலிருந்து வெகுதூரத்தில், பசிபிக் கடலின் தஹிதித் தீவில் நடந்தது. பிரேசில் வீரர் கேப்ரியல் மெடினா ஓர் அலையைச் சவாரி செய்து 9.90 புள்ளிகள் வாங்கினார். அலையிலிருந்து வெளியே எம்பி, ஒற்றை விரலை வானத்தை நோக்கி உயர்த்தி, அவரும் பக்கத்தில் போர்டும் செங்குத்தாக அந்தரத்தில் நிற்பது போன்ற படம் அன்று உலகம் முழுக்கச் சுற்றியது. உங்கள் ஃபேமிலி குரூப்புக்கும் வந்திருக்கும். "எடிட்டிங்" என்று யாராவது ஒரு சித்தப்பாவும் சொல்லியிருப்பார்.

எடிட்டிங் இல்லை. ஏ.எஃப்.பி செய்தி நிறுவனத்துக்காக அதை எடுத்த ஜெரோம் ப்ருயே படகில் இருந்தார். மெடினா நல்ல அலை ஒன்றை முடித்தால் இப்படி எம்பி வெளியே வருவார் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தார். எடுத்தது நான்கே படங்கள், அதில் ஒன்று இது. பட்டனை விடாமல் அழுத்தினால் நாள் முடிவில் ஆயிரக்கணக்கில் படம் சேர்ந்துவிடும், அது தனக்குப் பிடிக்காது என்றும் பிறகு பேட்டியில் சொன்னார்.

அவருடைய லென்ஸ் நமக்கு வாய்க்காது. அந்த எதிர்பார்ப்பு நமக்கும் வாய்க்கும். பிராக்டிஸுக்குக் கூட்டிப்போய் மணிக்கணக்கில் காத்திருக்கிற உங்களுக்குத் தெரியாததா? உங்கள் பெண் எந்த வளைவில் நாக்கைக் கடித்துக்கொள்வாள், பையன் ரெய்டு போகும்போது எந்தக் காலை முதலில் நீட்டுவான் என்பதெல்லாம் ஒலிம்பிக் போட்டோகிராபருக்குத் தெரியாது.

ஸ்கேட்டிங்கில் எல்லோரும் ஃபினிஷிங் லைனுக்குப் பக்கவாட்டில்தான் கூடுவார்கள். அங்கே பிள்ளைகள் முழு வேகத்தில் குறுக்கே பறப்பார்கள். படம் கலங்குவதற்கு அதைவிட வசதியான இடமே கிடையாது. வளைவு முடியும் இடத்துக்கு எதிரே, தடுப்புக்கு வெளியே நில்லுங்கள். வளைவில் வேகம் கொஞ்சம் குறையும், உடம்பு சாயும், முகம் உங்களைப் பார்த்து வரும். நம்மை நோக்கி வருபவர் படத்துக்குள் நகரும் தூரமும், குறுக்கே போகிறவரைவிடக் குறைவு. அதே போன், அதே ஷட்டர், ஆனால் படம் தெளிவாக இருக்கும். அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுங்கள். குழந்தையின் இடுப்பு உயரத்திலிருந்து எடுத்தால் வேகம் இரண்டு மடங்காகத் தெரியும். சேலையோ வேட்டியோ கொஞ்சம் அழுக்காகும், பரவாயில்லை.

கலங்கலையே அழகாக்கும் வித்தையும் இருக்கிறது. ஷட்டரை வேண்டுமென்றே 1/60-க்கு இறக்கி, சைக்கிள் போகும் வேகத்துக்குப் போனையும் கூடவே திருப்பிக்கொண்டு எடுங்கள். பிள்ளை தெளிவாகவும் பின்னால் இருக்கும் மரமெல்லாம் கோடுகளாகவும் வரும். இதற்குப் பேர் பேனிங். பத்தில் ஒன்று தேறினால் பெரிய விஷயம். போட்டியன்று முதல் தடவையாக முயற்சி செய்யாதீர்கள். வாசலில் போகிற ஆட்டோக்களை வைத்து ஒரு வாரம் பழகுங்கள்.

இல்லை, கேமரா வாங்கியே தீருவேன் என்றால்...

வாங்குங்கள். தடுக்கவில்லை. ஆனால், பணம் எங்கே போக வேண்டும் என்பதுதான் விஷயம். புதுக் கேமராவோடு வரும் கிட் லென்ஸை ஜூம் செய்தால் பெரும்பாலும் அதன் துளை எஃப் 5.6-தான். எஃப் 2.8 லென்ஸ் அதைவிட நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கிட் லென்ஸில் 1/250 கிடைக்கும் ஹாலில், எஃப் 2.8 போட்டால் 1/1000 கிடைக்கும். கலங்கிய படத்துக்கும் ஃப்ரேம் போட்ட படத்துக்கும் இடையே இருக்கும் தூரம் இதுதான். கேமராவின் சென்சார் போனைவிடப் பெரியது, அதனால் கொஞ்சம் கூடுதல் நன்மை உண்டு. ஆனால், முழுப் பணத்தையும் கேமராவில் போட்டுவிட்டுக் கிட் லென்ஸோடு ஆட்டோ மோடில் எடுத்தால், அதே ஹாலில் மறுபடியும் மழைக்கோலம்தான்.

எஃப் 2.8 ஜூம் லென்ஸ்களின் விலை தலைசுற்ற வைக்கும். ஆனால், 50 மி.மீ எஃப் 1.8 என்று ஒரு சின்ன லென்ஸ் பல பிராண்டுகளில் இருக்கிறது. விலை மிகக் குறைவு, எஃப் 5.6-ஐவிட ஒன்பது பத்து மடங்கு வெளிச்சம் வாங்கும். ஜூம் கிடையாது, கால்தான் ஜூம். ஷட்டில் கோர்ட், ஸ்கேட்டிங் ரிங்க், கராத்தே மேட் போல பக்கத்தில் நிற்க முடிகிற இடங்களுக்கு என் ஓட்டு இதற்கே. பகல் வெளிச்சத்தில் பெரிய மைதானம் என்றால், 70-300 போன்ற சாதாரண ஜூமே அருமையாக வேலை செய்யும்.

கேமரா பழசாக இருந்தாலும் போதும். 2014-ல் வந்த கேனான் 7டி மார்க் 2, விநாடிக்கு 10 படங்கள் எடுக்கும். 2016-ல் வந்த நிக்கான் டி500-ம் அப்படியே. செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது 'ஷட்டர் கவுன்ட்' எவ்வளவு என்று கேளுங்கள். வண்டிக்கு கிலோமீட்டர் பார்ப்பது மாதிரி. வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, ஃபோகஸை 'தொடர் ஃபோகஸ்' முறைக்கு மாற்றுவது. கேனானில் அது 'சர்வோ', நிக்கான், சோனியில் 'ஏ.எஃப்-சி'. இதை மாற்றாவிட்டால், பிள்ளை இருந்த இடத்தில்தான் ஃபோகஸ் இருக்கும். பிள்ளை அங்கே இருக்காது.

வீடியோவுக்கு வருவோம். இங்கே ஷட்டரை ரொம்ப ஏற்றினால் அசைவு வெட்டி வெட்டித் தெரியும். ஃப்ரேம் எண்ணிக்கையின் இரண்டு மடங்கு என்பது பொதுவான கணக்கு. 25 ஃப்ரேமுக்கு 1/50, 50 ஃப்ரேமுக்கு 1/100. நம் ஊர் டியூப்லைட்டோடும் இது ஒத்துப்போகும். ஐபோனில் 25 ஃப்ரேம் தெரியவில்லை என்றால், கேமரா செட்டிங்கில் 'பால் ஃபார்மேட்' என்பதை ஆன் செய்யுங்கள். ஸ்லோ மோஷனுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும், வெயிலில் மட்டும் எடுங்கள். 120 ஃப்ரேமில் எடுத்து 30-ல் ஓட்டினால் நான்கு மடங்கு மெதுவாகும். ஒரு சுற்று முழுவதையும் அப்படி எடுத்தால் பாட்டி பார்க்கும்போதே தூங்கிவிடுவார். அந்த ஒரு தாவல் மட்டும் போதும்.

கோப்ரோ மாதிரியான ஆக்‌ஷன் கேமராவைப் பலர் தப்பான காரணத்துக்கு வாங்குகிறார்கள். சர்ஃபிங் செய்பவர்கள் தங்களைத் தாங்களே எடுத்துக்கொள்வதற்காகப் பிறந்தது அது. 2004-ல் வந்த முதல் மாடல், ஃபிலிம் போட்டு மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் கேமரா. இன்றைக்கும் அது உடம்பிலோ ஹெல்மெட்டிலோ போர்டிலோ மாட்டுவதற்கானதுதான். லென்ஸ் அகலமானது என்பதால், கேலரியில் உட்கார்ந்து எடுத்தால் உங்கள் பிள்ளை எறும்பு அளவுக்குத் தெரியும். பிள்ளை மலையில் சைக்கிள் ஓட்டுகிறது, கடலில் இறங்குகிறது என்றால் வாங்குங்கள். மற்றவர்கள் அந்தப் பணத்தை லென்ஸில் போடலாம். கார்டு வாங்கும்போது அதில் 'வி30' என்ற முத்திரை இருக்கட்டும். 4கே வீடியோ ஒரு நிமிடத்துக்கு 750 எம்.பி-கூட விழுங்கும், மெதுவான கார்டு நடுவில் நின்றுவிடும்.

கோவளம், மாமல்லபுரம் பக்கம் பிள்ளைகளை சர்ஃபிங் வகுப்புக்கு அனுப்புகிற பெற்றோருக்கு மட்டும் தனியாக ஒன்று. போன் பெட்டியில் ஐ.பி68 என்று போட்டிருப்பது நல்ல தண்ணீரில் சோதித்த கணக்கு. உப்புத் தண்ணீருக்கு அது உத்தரவாதம் இல்லை. தண்ணீர் புகுந்து கெட்டால் பெரும்பாலும் வாரன்ட்டியும் கிடைக்காது. அலையில் நனைந்த ஆக்‌ஷன் கேமராவை அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும், சார்ஜ் போட வேண்டும். மணல் ஒட்டிய லென்ஸை முந்தானையால் துடைக்காதீர்கள். முதலில் ஊதித் தள்ளுங்கள், அப்புறம் துணி.

அடுத்த வாரம்: போனில் 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று வந்தால் எதை அழிக்கலாம், எதை அழிக்கவே கூடாது? கேள்விகளை அனுப்புங்கள். போட்டோ அனுப்புபவர்கள் மறக்காமல் டாகுமென்ட்டாக!