விற்காமல் வைக்க வேண்டிய சரக்கு

என்மெட்டாசோபாக்டம். (ஒரே மூச்சில் சொல்பவருக்குப் பரிசே கொடுக்கலாம்!) சென்னை ஆர்க்கிட் நிறுவனத்தில் கண்டுபிடிக்கப்பட்ட மூலக்கூறு இது. செஃபிபைம் என்கிற பழைய ஆன்டிபயாடிக்கோடு இதைச் சேர்த்து நரம்பில் ஏற்றும் மருந்துக்கு 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. சிறுநீரகம் வரை ஏறிவிட்ட சிக்கலான சிறுநீர்த் தொற்றுக்கு இந்த மருந்து. அதே வருடம் இந்தியாவிலும் அனுமதி கிடைத்தது.

திருச்சுழிப் பக்கம் இந்தத் தொற்று யாருக்கு வரும் என்று சொல்லவா வேண்டும்? மறைவிடம் கிடையாது என்பதால் தண்ணீரே குடிக்காமல் பொழுதெல்லாம் மிளகாய்க் காட்டில் களையெடுக்கும் பெண்களுக்குத்தான். நீர்க்கடுப்பு என்றால் முதலில் இளநீர், அப்புறம் மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் இரண்டு நாள் மாத்திரை. குளிர்காய்ச்சலும் விலா வலியும் வந்தபிறகுதான் ஆஸ்பத்திரி. இப்படி அரைகுறையாக மாத்திரை விழுங்கி விழுங்கியே மருந்தை உடைக்கும் என்சைம் உள்ள கிருமிகள் பெருகிவிட்டன. அந்த என்சைமைத்தான் புது மூலக்கூறு முடக்குகிறது. 1041 பேரிடம் நடந்த சோதனையில் இது 79 சதவீதம் பேருக்குப் பலன் தந்தது, ஒப்பிட்ட பழைய மருந்து 59 சதவீதம். (எல்லாக் கிருமிக்கும் பிரம்மாஸ்திரம் இல்லை. என்.டி.எம். என்சைம் உள்ளவற்றிடம் பலிக்காது.)

இனி கணக்குக்கு வருவோம். மூலக்கூறின் உரிமையை ஆர்க்கிட் 2013இல் அலெக்ரா என்ற ஐரோப்பிய கம்பெனிக்குக் கொடுத்தது. கடன் சுமையால் 2017இல் ஆர்க்கிட்டே திவால் நடவடிக்கைக்குப் போய், 2020இல் தனுகா கைக்கு மாறியது. அமெரிக்காவில் அகாவோஜென் கதை இன்னும் மோசம். இதே தொற்றுக்கான பிளாசோமைசின் ஊசிக்கு 2018 ஜூனில் அனுமதி, 2019 ஏப்ரலில் திவால்!

காரணம் எளிது. புது ஆன்டிபயாடிக்கை எவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறோமோ அவ்வளவு நாள் அது வேலை செய்யும். கம்பெனிக்கோ பாட்டில் விற்றால்தான் காசு. இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?

இங்கிலாந்து 2022இல் இரண்டு ஆன்டிபயாடிக்குகளுக்கு விற்பனை அளவைப் பார்க்காமல் வருடச் சந்தா கொடுக்க ஆரம்பித்தது. தீயணைப்பு நிலையத்துக்கு யாரும் தீயை எண்ணிச் சம்பளம் கொடுப்பதில்லையே. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மொத்தமாக மருந்து வாங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமும் இதைச் செய்து பார்க்கலாம். கூடவே தாலுகா ஆஸ்பத்திரியிலிருந்து சிறுநீர் கல்ச்சருக்கு அனுப்பி, மறுநாளோ அதற்கடுத்த நாளோ ரிசல்ட் வாங்க வழி வேண்டும். அது இல்லாவிட்டால் டாக்டர் இந்த ஊசியையும் குத்துமதிப்பாகத்தான் எழுத வேண்டியிருக்கும்.