மண்டபத்துக்கு மேலே ட்ரோன் வேண்டாம்: கல்யாண வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்

சில முகூர்த்தங்களுக்கு முன்பு எங்கள் தெருமுனை மண்டப வாசலில் நடந்தது பம்மல், பல்லாவரம் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. மாப்பிள்ளை அழைப்பைப் படம்பிடிக்கக் கிளம்பிய ட்ரோன், மண்டபத்துக்கும் எதிர்க் கட்டடத்துக்கும் நடுவே கட்டியிருந்த சீரியல் விளக்குச் சரத்தில் சிக்கியது. சிக்கிய வேகத்தில் வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாவின் தலையில் விழுந்தது. ஏழு தையல். செண்டை மேளம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

ட்ரோன் ஓட்டிய பையன் ஓடிவந்தான். முதலில் ட்ரோனைத்தான் எடுத்துப் பார்த்தான்.

அன்றிலிருந்து அந்த அம்மாவுக்காக நாங்கள் அலைகிறோம். கல்யாண வீட்டாரிடம் போனால், "போட்டோகிராபரோட பேக்கேஜ்ல வந்தது, எங்களுக்கென்ன தெரியும்" என்றார்கள். போட்டோகிராபர், "அந்தப் பையன் ஒருநாள் வாடகைக்கு வந்தவன் சார்" என்றார். பையனின் போன் அணைந்தே கிடக்கிறது. மண்டபக்காரர், வாசலுக்கு வெளியே நடந்தால் தனக்குப் பொறுப்பில்லை என்று கைவிரித்துவிட்டார். பூ விற்கிறவர்களுக்கு முகூர்த்த நாளில்தான் நாலு காசு பார்க்க முடியும். அடுத்து வந்த மூன்று முகூர்த்தத்துக்கும் அவர் கடை போடவில்லை. அந்த மூன்று நாள் வரும்படியை யார் கொடுப்பது?

சட்டம் இதற்குப் பதில் வைத்திருக்கிறது. மத்திய அரசு 2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவித்த ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேல் எடையுள்ள ட்ரோனுக்கு மூன்றாம் நபர் காப்பீடு இருக்க வேண்டும். பைக்குக்கு இன்ஷூரன்ஸ் எடுப்பதைப் போலத்தான். ட்ரோனை அரசின் இணையத் தளத்தில் பதிந்து தனி அடையாள எண் வாங்க வேண்டும். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். காப்பீடு இருந்திருந்தால் அந்த அம்மா யார் வாசலிலும் நின்றிருக்க வேண்டியதில்லை. எண் இருந்திருந்தால் பையனை நாங்கள் தேடிக்கொண்டிருக்க மாட்டோம். இரண்டும் இருந்ததாக இதுவரை எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

இன்னொன்று. சொந்த ஆசைக்காக, காசு வாங்காமல் 2 கிலோ வரையுள்ள ட்ரோனைப் பறக்கவிடுகிறவருக்கு ஓட்டுநர் சான்றிதழ் தேவையில்லை. கல்யாணத்துக்கு வருகிறவர் காசு வாங்குகிறார். எனவே 250 கிராமைத் தாண்டிய எதை அவர் பறக்கவிட்டாலும் கையில் சான்றிதழ் வேண்டும். அதை வாங்குவது மலையைப் புரட்டுகிற வேலையும் இல்லை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, 18 முதல் 65 வயதுக்குள், அங்கீகாரம் பெற்ற மையத்தில் பயிற்சி. ஒருமுறை வாங்கினால் 10 ஆண்டு செல்லும். முன்பு 25 படிவங்கள் இருந்ததை 5 ஆகக் குறைத்தார்கள். 72 வகைக் கட்டணங்களை 4 ஆக்கினார்கள். இவ்வளவு இறங்கி வந்த பிறகும் 'ரூல்ஸ் ரொம்ப கஷ்டம் சார்' என்று யாராவது சொன்னால் எங்களுக்கு எரிச்சல்தான் வருகிறது.

அன்று விழுந்த ட்ரோன் மூன்று மாடி உயரத்திலிருந்துதான் வந்தது. காற்றுத் தடையைச் சேர்க்காமல் கணக்குப் போட்டால் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம். அதுவே 120 அடியிலிருந்து வந்திருந்தால் 96 கிலோமீட்டர். தென்னை மரத்தடியில் கட்டிலைப் போடாதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது தேங்காய்க்குப் பயந்துதான். நாமோ முக்கால் கிலோ இயந்திரத்தை, நான்கு விசிறியும் சுழலச் சுழல, குழந்தைகள் ஆடுகிற கூட்டத்தின் உச்சிக்கு மேலே நிறுத்திவிட்டு, அண்ணாந்து பார்த்துக் கையசைக்கிறோம்.

இத்தனையும் எந்த ஊருக்கும் பொருந்தும். எங்கள் ஊருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தலைக்கு மேலே விமானத்தின் சக்கரம் தெரிகிற ஊர் இது. விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் ஓர் அடி உயரம்கூட ட்ரோன் எழும்பக் கூடாது. 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிக்கு மேல் போவதென்றால் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். அதற்கும் அப்பால், பச்சை என்று குறித்த பகுதியில்தான் 400 அடி வரை தடையில்லை. பல்லாவரம், பம்மல், குரோம்பேட்டை, நங்கநல்லூர், ஆலந்தூர், மணப்பாக்கம், கிண்டி, வேளச்சேரி எல்லாமே அந்த 8 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. இங்குள்ள மண்டபங்களை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

தரையிறங்கும் விமானம் வழக்கமாக 3 டிகிரிச் சரிவில் வரும். ஓடுபாதை தொடங்க 2 கிலோமீட்டர் இருக்கையில் அது ஏறக்குறைய 400 அடி உயரத்தில்தான் இருக்கும். கல்யாணத்துக்கு வருகிற ட்ரோன் அந்த உயரத்தை எட்ட அரை நிமிடம் போதும். 2018 டிசம்பரில் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் ட்ரோன் தென்பட்டதாக வந்த தகவல்களால் ஏறத்தாழ 1,000 விமானங்கள் பாதிக்கப்பட்டு, 1,40,000 பயணிகள் தவித்தார்கள். பறக்கவிட்டது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் காட்டுத்தீயில் தண்ணீர் கொட்டப் போன விமானத்தின் இறக்கையில் ஒரு தனியாரின் ட்ரோன் மோதி ஓட்டை விழுந்தது. தீ எரிந்துகொண்டிருக்க, விமானம் தரையில் நின்றது.

'250 கிராமுக்குள் இருந்தால் எதுவும் வேண்டாம்' என்று சில போட்டோகிராபர்கள் அடித்துச் சொல்கிறார்கள். ஓட்டுநர் சான்றிதழும் காப்பீடும் வேண்டாம், அவ்வளவுதான். அரசின் வரைபடத்தில் சிவப்பு, மஞ்சள் என்று குறித்த, அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாத பகுதிகளின் கட்டுப்பாடு எடையைப் பார்ப்பதில்லை. பச்சைப் பகுதியைக்கூட காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி 96 மணி நேரம் வரை சிவப்பாக அறிவிக்கலாம். அதனால்தான் ஒவ்வொரு முறை கிளப்புவதற்கு முன்பும் வரைபடத்தைப் பார்க்க வேண்டும் என்று விதி சொல்கிறது. விதியை மீறினால் அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை போகலாம்.

போட்டோகிராபர்கள் மீது மட்டும் பழி போட எங்களுக்கு மனமில்லை. ட்ரோன் இல்லை என்றால் ஆர்டரே கை நழுவிப் போகிறது என்று அவர்களில் சிலர் எங்களிடம் வெளிப்படையாகவே சொன்னார்கள். கேட்பது நீங்கள். பந்தியில் இலைக்கு எத்தனை வகை என்று பத்து முறை விசாரிக்கிறீர்கள். பத்திரிகையில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் திருப்பி அனுப்புகிறீர்கள். தலைக்கு மேலே பறக்கப்போவதற்குப் பதிவு உண்டா, ஓட்டுகிறவருக்குச் சான்றிதழ் உண்டா, இந்த இடத்தில் பறக்க அனுமதி உண்டா என்று ஒரே ஒரு முறை கேட்க உங்களுக்கு நேரமில்லை. ஆல்பத்தில் பத்து விநாடி வருகிற ஒரு காட்சிக்காக!

கேளுங்கள். மூன்றையும் தாளில் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் பேக்கேஜிலிருந்து ட்ரோனை எடுத்துவிட்டுப் பணத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். மண்டப உரிமையாளர்கள் முன்பதிவுத் தாளிலேயே இதை ஒரு நிபந்தனையாக அச்சிட வேண்டும். அன்றைய கல்யாண வீட்டார் பூக்காரம்மாவின் மருத்துவச் செலவையும் மூன்று நாள் வரும்படியையும் கொடுத்துவிட வேண்டும். அவர் இன்னும் யார் மீதும் புகார் எழுதவில்லை.

அடுத்த முகூர்த்தத்திலிருந்து எங்கள் தெருக்களுக்கு மேலே ட்ரோன் எழும்பினால், அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு 112-க்கு போன் செய்யப்போகிறோம். மாப்பிள்ளை அழைப்பின் நடுவில் போலீஸ் ஜீப் வந்து நின்றால் எங்களைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
பம்மல், பல்லாவரம் பகுதிக் குடியிருப்போர்